மூடியோடு சேர்த்து

— மறுபடி சொல்லு. எவ்வளவுக்குப் போச்சு?

— மூணு கோடியே பத்து லட்சம்.

— ஒரு ஜாடியா?

— ஒரே ஜாடி. என் முழங்கை உயரம்கூட வராது. கடைசியில போன்ல ஒருத்தர், கூடத்துல ஒருத்தர்னு ரெண்டு பேர்தான் விடாம ஏத்திக்கிட்டே போனாங்க. சுத்தியல் தட்டினதும் மொத்தக் கூடமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு.

— அடேங்கப்பா! எனக்குத் தலை சுத்துது. இரு இரு, பசை காயறதுக்குள்ள இந்தக் கப்புக்குப் பிடிய வெச்சிடறேன். மூணு கோடியா! உங்க ஏலக்கூடத்துல இப்படி ஒரு விலை வந்ததே இல்லையே?

— வந்ததில்ல.

— அப்ப முகத்தை ஏன் இப்படித் தொங்கப் போட்டுட்டு நிக்கறே? நீதிபதி அம்மா நீயே பாத்து அசல்னு தீர்ப்பு சொன்ன சாமான்! உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடணும் அவங்க. நீ என்னடான்னா பட்டப்பகல்ல பையைத் தூக்கிக்கிட்டு என் பட்டறைக்கு வந்து நிக்கறே. பதினாறு வருஷத்துல இந்த வாசப்படிய நீ தாண்டினதே கிடையாது.

— தாண்டக்கூடாதுன்னு பேசி வெச்சது நாம ரெண்டு பேரும்தான்.

— முதல்ல சொன்னது நீ. ‘நான் மதிப்புப் போடுறவ, நீங்க உடைஞ்சதை ஒட்டுறவர். உங்க மேசையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியக்கூடாது, என் மேசையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. வேலைய செருப்போட நம்ம வீட்டு வாசல்லயே விட்டுடணும்’னே. நானும் சரின்னேன். நல்ல ஏற்பாடுதானே? இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் நம்ம மேல விரல் நீட்டியிருக்கானா?

— போன மாசம் கூடத்துலேர்ந்து படம் போட்ட பட்டியல் ஒண்ணு வீட்டுக்கு வந்துச்சே. பிரிச்சுப் பாத்தீங்களா?

— உறையைக்கூடக் கிழிக்கல. அப்படியே உன் மேசையில வெச்சேன். பேச்சுன்னா பேச்சு.

— இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பேச்சை விட்டுடலாம். உக்காந்து கேளுங்க.

— என்னம்மா இது, ஆஸ்பத்திரில டாக்டர் பேசற மாதிரி பேசறே. சரி, சொல்லு.

— சீனாவுல செஞ்ச பீங்கான். வெள்ளை உடம்பு, நீலக் கொடி. முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட இருக்கும். அடி வளையத்துல பூச்சு இல்லாத இடம் புழங்கிப் புழங்கி வழுவழுன்னு இருக்கு. நீலம் கெட்டியா விழுந்த இடமெல்லாம் கறுத்துப் பூச்சுக்குள்ள இறங்கியிருக்கு. ஜாடியில எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்ல.

— பின்ன என்ன?

— வெறும் ஜாடின்னா முப்பது லட்சம் தாண்டாது. அந்தக் காலத்து ஜாடி இன்னும் நிறைய இருக்கு. மூடிதான் இருக்காது. வீட்டுல எதுலயும் முதல்ல கை தவறி விழறது மூடிதானே? இதுக்கு மூடி இருந்துச்சு. அந்த விலை அதுக்குத்தான்.

— மூடியா?

— மூடி. மேல மொட்டு மாதிரி ஒரு பிடி. ஜாடியில ஓடுற அதே கொடி மூடியிலயும் சுத்தி வருது.

— இரு இரு. மொட்டுக்கு அடியில எத்தனை இதழ்?

— எட்டு.

— கொண்டு வந்தவன் யாரு?

— பேரை நான் சொல்லக்கூடாதுங்க.

— பேர் கிடக்கட்டும், ஆளைச் சொல்லு. நெட்டையா இருப்பானா? நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியக் கழட்டிக் கழட்டித் துடைப்பானா?

— ஆமா.

— ஜாடியோட தோள்ல, பின்பக்கமா, மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி...

— இருக்கு.

— ஐயோ!

— அந்தக் கப்பைக் கீழ வைங்க முதல்ல. தண்ணி தரட்டுமா?

— தண்ணி வேண்டாம். அந்த மூடி என்னோடது.

— ம்.

— ம்னா? காதுல விழுந்துச்சா இல்லையா? அந்த மூடிய நான் செஞ்சேன்! இதே மேசையில, இந்தக் கையால. நாலு வருஷம் ஆச்சு. வெறும் ஜாடியோட வந்தான். அம்மா வெச்சிருந்த ஜாடி, ஹால்ல வெச்சா உள்ள தூசி விழுது, ஒரு மூடி செஞ்சு குடுங்கன்னான். ஏழு மூடி சூளையில கோணிக்கிட்டுப் போச்சு. எட்டாவதுதான் வாயில சரியா உக்காந்துச்சு. என்ன ஆசையா செஞ்சேன் தெரியுமா? ஓடி வந்து உன்கிட்ட காட்டணும்னு இருந்துச்சு. பேச்சுக் குடுத்துட்டோமேன்னு வாயைக் கட்டிக்கிட்டேன். அதையா மூணு கோடிக்கு வித்திருக்கான்!

— அவன் இப்படிப் பண்ணப் போறான்னு உங்களுக்குத் தெரியுமா?

— என்ன கேள்வி கேக்கறே நீ?

— பதில் சொல்லுங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

— தெரியாது! சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சவனா இருந்தா எழுதுவேனா? புதுசா நான் எது செஞ்சாலும் உள் விளிம்புல ‘புதுசு’ன்னு எழுதி, வருஷத்தையும் போட்டு, அதுக்கு மேலதான் பூச்சு போடுவேன். தேய்ச்சாலும் கழுவினாலும் போகாது. நீ எப்படி அதைப் பாக்காம விட்டே?

— எழுத்து எதுவும் இல்லைங்க.

— இருக்கணுமே!

— இல்ல. உள் விளிம்புல கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தடம் இருந்துச்சு. பழுப்பா, சொரசொரன்னு. சூளையில மணல் ஒட்டின தடம்னு அறிக்கையில எழுதினேன்.

— அரைச்சு எடுத்திருக்கான்! படுபாவி, எழுத்தை அரைச்சு எடுத்துட்டு டீத்தண்ணியில ஊற வெச்சிருக்கான். இரு இரு. அந்த அலமாரியத் திற. மூணாவது தட்டு, பச்சை ஆல்பம். செஞ்சதை எல்லாம் படம் எடுத்து வெச்சிருக்கேன். அது இல்ல, அடுத்தது. ம், இதுதான். மூடிய கவுத்து வெச்சு எடுத்த படம். படி.

— ‘புதுசு’.

— பக்கத்துல?

— வருஷம் இருக்கு. உங்க எழுத்துதான்.

— கீழ ரசீது. ‘புது மூடி பெற்றுக்கொண்டேன்’னு அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். போதுமா? அட, எதுக்கு அழறே? தரையில உக்காராதே, பூராவும் பீங்கான் தூள். எழுந்திரும்மா.

— நீங்க எழுதியிருக்கீங்க.

— எழுதாம? என்னைப் பத்தி என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கே நீ?

— எழுதியிருக்கீங்களே...

— சரி சரி, அழுகைய நிறுத்து. ஒண்ணும் முழுகிப் போகல. வாங்கினவர் பணம் கட்டிட்டாரா?

— இல்ல. பத்து நாள் டயம் இருக்கு.

— அப்புறம் என்ன? இப்பவே உங்க முதலாளிக்குப் போன் போடு. ஆல்பத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமே போவோம். நானே சொல்றேன், மூடி என்னோடதுன்னு.

— என் வேலை போயிடும்.

— ஏன் போகுது? நீ என்ன பண்ணினே? அவன் ஏமாத்தினான், நீ ஏமாந்தே. நீ மட்டுமா? லென்ஸ் வெச்சுப் பாத்தவங்க எல்லாரும்தானே ஏமாந்தாங்க?

— வெளியூர்லேர்ந்து மூணு நிபுணர் வந்தாங்க. மூணு பேருமே, ஜாடியவிட மூடிதான் அழகுன்னாங்க.

— நிஜமாவா? அப்படியா சொன்னாங்க? சீ, என் புத்தியப் பாரு, இந்த நேரத்துல எனக்குப் பெருமை வேற!

— அழகுதான். நானும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

— இங்க பாரு. கண் தவறுறது குத்தம் இல்ல. யாருக்கும் தவறும். பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டாதான் குத்தம். உன் கையெழுத்துல அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. அது உன் முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எடு போனை.

— எடுத்து என்ன சொல்றது?

— உள்ளதைச் சொல்லு. பழைய மூடின்னு நம்பிட்டேன், புதுசுன்னு எனக்குத் தெரியலைன்னு சொல்லு.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— மூடியக் கையில எடுத்த அந்த நிமிஷமே நீங்க வரைஞ்சதுன்னு தெரிஞ்சுடுச்சுங்க. நம்ம பொண்ணு ரூம் சுவத்துல நீங்க போட்ட கொடி, அதே சுழி, அதே நுனி. அந்தத் தடத்தைக்கூட நீங்களேதான் பண்ணியிருக்கீங்கன்னு நினைச்சு, ஒரு வார்த்தை உங்களைக் கேக்காம, போலீஸ் உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறதைப் பாக்க மனசு வராம, அசல்னு கையெழுத்துப் போட்டேன்.