மழையில்லாத நாளில் குடை

டிராம் ஓடிய காலம். லஸ்ஸில் ஏறினேன். முன் பெஞ்சில் இரண்டு கிழவர்கள். ஒருவர் அல்பாக்கா கோட்டு, மடியில் குடை. மற்றவர் துருக்கிக் குல்லா. கோட்டுக்காரர் திடீரென்று சொன்னார்:

“உம்ம மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன், பாய்.”

“பத்திரிகையே வைக்கலையே, ஜட்ஜய்யா!”

“வெச்சாலும் வாங்கியிருக்க மாட்டேன். உம்ம வருமான வரி அப்பீல் எங்கிட்டன்னா இருந்தது! கட்சிக்காரன் வீட்டுப் பந்தல்ல ஜட்ஜ் போய் உக்காரலாமோ?”

“அதனாலதான் வைக்கலை. சின்ன வயசுல ஒண்ணாப் பட்டம் விட்டவங்க, ரோட்டுல பார்த்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம். கடைசியில தீர்ப்பும் எனக்கு எதிராத்தான் எழுதினீங்க.”

“சட்டம் அப்படி இருந்தது.”

“அதை விடுங்க. அன்னிக்குப் பந்தலுக்கு எதிர்சாரியில நீங்க நின்னது எனக்குத் தெரியும். ஒரு பொட்டு மழை இல்ல. குடையை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டு வேற யாரு நிப்பா?”

ஜட்ஜ் வெளியே பார்த்தார். “பேண்டு வாத்தியம் நன்னா இருந்தது. அதான் கேட்டுண்டு நின்னேன்.”

நான் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது. ராயப்பேட்டையில் பாய் எழுந்தார்.

“இப்பதான் ரிடயர் ஆயிட்டீங்களே. வர்ற வியாழக்கிழமை சின்னவளுக்கு நிக்காஹ். குடையை வீட்டுலேயே வெச்சுட்டு வாங்க.”