நம்பர் ஒன்னு கத்தி

— சிரிச்சது போதுமுங்க கவுண்டரே, வயிறு புடிச்சுக்கப் போவுது. அந்தக் கத்தியை இப்படிக் கல்லு மேல வைங்க.

— இருப்பா செங்கோடா, இன்னொருக்காச் சொல்லு. கவாத்து வெட்டப் போயி நின்னே. அப்பறம்?

— அப்பறம் என்னத்தைச் சொல்றதுங்க. எஸ்டேட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. காப்பிக் கொம்பை ஒரு கையில புடிச்சுக்கிட்டுப் புதுக் கத்தியை விரிச்சனுங்க. கரண்டி வந்துருச்சு.

— கரண்டி!

— ஆமாங்க, செடிக்குச் சோறு ஊட்டறவனாட்டம் நின்னனுங்க. அதை மடக்கிப்போட்டு இன்னொண்ணை இழுத்தா முள்ளுக்கரண்டி. மேஸ்திரி வந்து, 'செங்கோடா, விருந்து முடிஞ்சுதுன்னா வேலையைப் பாக்கலாமா'ங்கறான்.

— அட சாமி! இந்தச் சேர்வராயன் மலையிலயே கத்தி பாக்கத் தெரிஞ்ச ஆளுங்க நாம ரெண்டே பேருதான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சமேப்பா.

— அதை நெனச்சாத்தான் எனக்கே சிரிப்பு வருதுங்க. மாரமங்கலம் பட்டறையில ஆசாரி கத்தியை நீட்டுனாருன்னா நான் என்ன பண்ணுவேன்? நகத்துல வெச்சுப் பாப்பேன். சுண்டிக் காதுல கேப்பேன். 'தோச்சல் பத்தலீங்க, மறுக்காக் காய்ச்சுங்க'ன்னு பெரிய மனுசனாட்டம் சொல்லுவேன். பாவம், அவரும் காய்ச்சுவாரு. இதை வாங்கறப்ப மட்டும் சுண்டலை, கேக்கலை. பளபளன்னு இருந்துச்சு, வாங்கிட்டனுங்க.

— மொத்தம் எத்தனை சாமான்?

— பதினொண்ணுங்க. பெரிய அலகு, சின்ன அலகு, ரம்பம், கத்திரி. அப்பறம் சீமைச் சாராயப் புட்டியில தக்கை புடுங்கற திருகு ஒண்ணு. நம்ம ஊட்டுல புட்டியும் இல்ல, தக்கையும் இல்ல. இந்தா, இந்தக் கொக்கி எதுக்குன்னு நெனைக்கறீங்க? குதிரைக் குளம்புல மாட்டுன கல்லைத் தோண்டறதுக்காமா.

— குதிரை எங்க கட்டியிருக்கே?

— செருப்பே கெடையாதுங்க எனக்கு. காலையில என்ர கால்லயே ஒரு முள்ளைத் தோண்டிப் பாத்தேன். இன்னும் நல்லா உள்ள போயிருச்சு.

— சரி, இடுப்புல சொருவுனா ஒரு எடுப்பா இருக்குமல்ல?

— சொருவுனா வேட்டி எறங்குதுங்க. அந்தக் கனம். வேட்டியை ஒரு கையில, கத்தியை ஒரு கையில புடிச்சுக்கிட்டா, கொம்பை எதுல புடிக்கறது? அது கெடக்கட்டும், ஓரத்துல ஒண்ணு இருக்குது பாருங்க, வரவே மாட்டேங்குது. ரெண்டு நாளா இழுத்து நகமே பேந்து போச்சு.

— அது அப்படி வராது. ரம்பத்தைப் பாதி விரிச்சுக்கிட்டு அடியில அமுக்கு.

— அட! வந்துருச்சுங்க! காது குடையற குச்சியாட்டம் இருக்குது. நீங்க எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?

— ஒரு அனுமானந்தான். இத்தனை வருசமாக் கத்தி புடிச்ச கையில்ல? அதை விடு. எதைக் குடுத்து வாங்குனே?

— அதை மட்டும் கேக்காதீங்க.

— சொல்லுப்பா.

— வெள்ளாட்டைங்க. என்ர ஊட்டுக்காரி மருதாயி வளத்த கறவை ஆட்டை. துரை பங்களா பட்லர் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்.

— ஒரு ஆட்டுக்கு மாரமங்கலத்துல பத்துக் கத்தி அடிக்கலாமே!

— பத்தும் அடிச்சு ஆசாரிக்கு வேட்டி துண்டும் எடுத்துக் குடுக்கலாமுங்க. ஆனா அந்தப் பட்லர் பேசுன பேச்சு அப்படி. 'இங்க பாரு, நம்பர் ஒன்னுன்னு இங்கிலீசுல வெட்டியிருக்குது. நம்பர் ஒன்னுன்னா ஒலகத்துலயே இது ஒண்ணுதான், ரெண்டாவது கெடையாது'ன்னான். ஒலகத்துல ஒண்ணே ஒண்ணு என்ர இடுப்புலயான்னு எனக்குக் கண்ணே தெரியலீங்க.

— யாரா இருந்தாலும் அந்த எடத்துல கவுந்துருவாங்கப்பா.

— நீங்க கவுந்திருக்க மாட்டீங்க.

— மேல சொல்லு.

— முனை ஒடிஞ்சிருக்குதேன்னு கேட்டேன். துரை புலியைக் குத்தறப்ப எலும்புல பட்டு ஒடிஞ்சுதாம். மடிக்கற எடத்துல பிசுபிசுன்னு ஒட்டுதேன்னு கேட்டேன். அது சீமை எண்ணெயாம், துருப்புடிக்காம இருக்கத் துரைமாருங்க தடவறதாம். எல்லாத்துக்கும் தலையாட்டுனனுங்க. மோந்து பாருங்களேன், ஒரு மாதிரி இனிச்ச வாசம்.

— வேண்டாம், வேண்டாம். அங்கயே வை.

— சிரிப்பு இத்தோட போவட்டுங்க. மருதாயி கிளியூர்ல மவ ஊட்டுக்குப் போயிருந்தப்பத்தான் ஆட்டைக் குடுத்தேன், மறுநாளே அங்கிருந்து சேதி வந்துச்சு. என்ர மவ கலாவதிக்குப் பால் பத்தலையாம், பச்சப்புள்ளை நொம்ப அழுவுதாம். மருதாயி ரெண்டு பேரையும் இன்னைக்குக் கூட்டியாரா. ஊட்டுல வெள்ளாட்டுப் பால் இருக்குதுங்கற தைரியத்துலதான் கூட்டியாரா. அவ வர்றதுக்குள்ள நீங்க எங்கூடப் பங்களாவுக்கு வரணுமுங்க.

— நானா? எதுக்கு?

— கத்தி சொத்தைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கத்தி விசயத்துல உங்க சொல்லுன்னா பட்லர் கூடக் கேப்பான். ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கிட்டு வந்தர்றேன்.

— நான் வரலைப்பா. கால் வலி.

— மாரமங்கலத்துல இருந்து ஒரே மூச்சுல நடந்து வந்தேன்னு இப்பத்தானுங்க சொன்னீங்க?

— அதனாலதான் வலி. இல்ல செங்கோடா, அவன் லேசுல குடுக்க மாட்டான். கத்தி வேண்டாம்னா, வாங்கறதுக்கு வேற ஆளு ஒருத்தனைக் காட்டணும்பான். அப்பத்தான் ஆட்டை அவுத்து விடுவானாம். அப்படின்னு கேள்வி.

— வேற ஆளுக்கு நான் எங்கீங்க போவேன்? இதை வாங்கறதுக்கு இன்னொரு மடையன் இந்த மலையில இருப்பானா? அந்த வகையில நானும் நம்பர் ஒன்னுதானுங்க.

— அப்படியெல்லாம் உன்னை நீயே சொல்லிக்காத.

— போன வாரம் உங்க ஆடு கூட நாலு நாளு காணாமப் போச்சு. பாவாயக்கா காடெல்லாம் தேடிக்கிட்டுத் திரிஞ்சுது. அப்பறம் தானா வந்துருச்சல்ல? என்ர ஆட்டுக்கு அந்தப் புத்தி இருக்குமுங்களா?

— அது ஆட்டோட புத்தி இல்லப்பா.

— அப்ப, சிறுத்தை தூக்கிட்டுப் போச்சுன்னு மருதாயிகிட்டச் சொல்லிரட்டுமா?

— ஏனுங்க! உங்களை எங்கெல்லாம் தேடறது? கத்தி தீட்டற கல்லுக்கிட்டத்தான் இருப்பீங்கன்னு வந்தேன். கும்புடறனுங்க வெங்கடாசலக் கவுண்டரே.

— வா அம்மிணி.

— வந்துட்டியா மருதாயி? புள்ளை எப்படி இருக்குது?

— அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சுங்க. சொம்பை எடுத்துக்கிட்டு ஓடுனா பட்டி வெறிச்சுன்னு கெடக்குது. ஆடு எங்கீங்க?

— அது வந்து, சிறுத்தை…

— சிறுத்தையா?

— சிறுத்தை இல்ல மருதாயி, நான்தான். இந்தா, கல்லு மேல கெடக்குது பாரு உன்ர ஆடு. பதினோரு காலு மொளைச்சு.

— என்னங்க இது?

— கத்தி.

— இதுல பால் பீச்ச முடியுமுங்களா?

— பதினொண்ணுல அது ஒண்ணுதான் இல்ல.

— சிரிப்புக் காட்டாதீங்க. எனக்கு அழுவாச்சி வருது. குட்டியில இருந்து கையில தழை குடுத்து வளத்தனுங்க. பச்சப்புள்ளைக்காரிகிட்ட, 'வா கண்ணு, அம்மா ஊட்டுல பாலு இருக்குது'ன்னு சொல்லிக் கூட்டியாந்தனே! இப்ப அவ மூஞ்சியில எப்படி முழிக்கறது?

— சிரிப்புக் காட்டலை மருதாயி. வெக்கத்துல வேற என்ன பேசறதுன்னு தெரியலை.

— அம்மிணி, அழுவாத. எங்க ஊட்டு ஆடு கறவையிலதான் இருக்குது. நான் சொன்னேன்னு பாவாயிகிட்டச் சொல்லி ஓட்டிக்கிட்டுப் போ.

— புள்ளை தேறுற வரைக்கும் வெச்சிருந்துட்டுக் கொண்டாந்து கட்டிடறனுங்க.

— கொண்டார வேண்டாம். அது உங்களுக்குத்தான்.

— ஏனுங்க, இந்த மனுசன் பண்ணுன கூத்துக்கு நீங்க எதுக்கு நட்டப்படணும்?

— ஒண்ணும் கேக்காத அம்மிணி. புள்ளை பசியில கெடக்குது, போ.

— உங்க கொலம் நல்லா இருக்கோணுமுங்க. வர்றனுங்க. ஏனுங்க, நீங்க அந்தக் கருமத்தை எடுத்துக்கிட்டு ஊட்டுப் பக்கம் வந்துறாதீங்க!

— கேட்டீங்களா? கத்தியோட போனா எனக்கு ஊட்டுல எடமில்ல. கவுண்டரே, கூடப் பொறந்தவன் கூட இப்படிச் செய்ய மாட்டான். சும்மா வாங்கிக்கிட்டா என்ர மனசு கேக்காது. இந்தக் கத்தியை நீங்களே வெச்சுக்குங்க. ஒண்ணுக்கும் ஒதவாதுதான், ஆனாலும் ஒலகத்துல ஒண்ணே ஒண்ணு. கையை நீட்டுங்க.

— ஐயோ, மறுபடியும் அதை என்ர தலையில கட்டாத செங்கோடா!

— மறுபடியுமா?

— அது சீமை எண்ணெய் இல்லப்பா. போன வாரம் நான் அறுத்த எங்க ஊட்டுப் பலாப்பழத்தோட பாலு.