எலி கடித்ததல்ல

செட்டிகுளம் பக்கம் நெல் அறுத்து முடிந்ததும் எலிகள் வயலை விட்டு வாகனங்களுக்குள் வந்துவிடும். என்ஜினின் சூடு அவற்றுக்குப் பிடிக்கும். வயரின் மேலுறையைக் கடித்துத் தின்று உள்ளே இருக்கும் கம்பியை வெறுமையாக விட்டுவிடும். வருடத்தில் இரண்டு மாதம் என் கராஜில் இதே வேலைதான்.

ஆனால் ஐயா, நீங்கள் எழுதியிருப்பது பிழை. எலி கடித்த வயரைத் திருத்தியவரின் கவனக்குறைவால் கார் எரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெயர் பரமலிங்கம். இருபத்திரண்டு வருடமாக வாகனங்களுக்கு வயறிங் செய்கிறேன். எந்த வேலையையும் நான் கவனக்குறைவாகச் செய்ததில்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே பொலிசுக்கு வந்தேன்.

காரின் சொந்தக்காரன் சஜீவன். என் தங்கை ஜெயரூபியின் கணவன். அவனுடைய தாத்தா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வந்தோம். அவர்களைக் குறிக்க எங்கள் வீட்டில் ஒரு சொல் உண்டு. அதை நான் ஒருநாளும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. எனக்கு மரியாதை தெரியும்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு ரூபியை வளர்த்தது நான். எந்தச் சட்டையைப் போடுவது, எந்த பஸ்ஸில் திரும்பி வருவது, யாரோடு கதைப்பது என்று அவளுக்கு எல்லாம் நான்தான் சொல்லுவேன். அவளுக்கும் அதில் குறை இருக்கவில்லை. இருபத்தாறு வயதில், எனக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். யாரோ அவள் மனதைக் கெடுத்துவிட்டார்கள் என்பது அன்றே எனக்கு விளங்கிவிட்டது.

மாசி மாதம் சஜீவன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“மச்சான், எலி எல்லாத்தையும் அறுத்துப் போட்டுது. வேற ஆரிட்டையும் குடுக்க மனமில்லை. நீங்களே பாருங்கோ.”

மச்சான் என்று வாய் கூசாமல் சொன்னான்.

“ரூபி எப்பிடி இருக்கிறாள்?” என்று கேட்டேன்.

“சுகமா இருக்கிறா. இப்ப ஆறு மாசம். செவ்வாய்க்கிழமை வவுனியாவுக்குக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். பிள்ளைக்கு மாமன்ர மடியில வைச்சுத்தான் காது குத்திறதெண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா.”

“காரை விட்டிட்டுப் போ. திங்கட்கிழமை வா.”

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். கடிபட்ட இடங்களை வெட்டி எறிந்து, புது வயர் சேர்த்து ஈயம் வைத்தேன். துணி டேப் சுற்றினேன். சூடான இடங்களிலிருந்து விலக்கி, நெளிகுழாய்க்குள் விட்டு, ஆடாமல் பட்டி போட்டுக் கட்டினேன். ஒரேயொரு வயரை மட்டும் இருக்கக் கூடாத இடத்தில் விட்டேன். அதற்கும் மேலே குழாய் போட்டு மூடினேன். அங்கே எந்த எலியாலும் போக முடியாது.

திங்கட்கிழமை அவன் பொனட்டைத் திறந்து பார்த்தான்.

“புதுக் கார் மாதிரி இருக்கு மச்சான்” என்றான்.

உண்மைதான். அப்படித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, வவுனியா போகும் வழியில் பொனட்டுக்குள்ளிருந்து புகை வந்திருக்கிறது. அவன் காரை ஓரமாக நிறுத்தி, அவளுடைய கதவைத் திறந்து வெளியே தள்ளிவிட்டான். அந்த ஒரு விஷயத்தில் அவன் சரியாக நடந்துகொண்டான். அதற்குள் தீ உள்ளே வந்துவிட்டது; அவன் பக்கக் கதவு திறபடவில்லை, அவன் வெளியே வரவேயில்லை. ரூபி அங்கேயே விழுந்து கிடந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எழும்பி ஓடிப்போய், எரியும் அவன் பக்கக் கதவை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்திருக்கிறாள். தெருவில் நின்றவர்கள்தான் பிடித்து விலக்கியிருக்கிறார்கள். அவள் கைகளுக்கு நான் பொறுப்பல்ல. திரும்பிப் போகச் சொல்லி யார் சொன்னது?

பிள்ளை தங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். இனி அவளுக்கு அந்தக் குடும்பத்தோடு ஒரு தொடர்பும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் போனேன். நேற்று அவள் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “அண்ணாவை வெளியில போகச் சொல்லுங்கோ” என்று தாதியிடம் சொன்னாள். மருந்து மயக்கத்தில் என்ன கதைக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவளும் காரில் போவாள் என்று தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். ஓம், தெரியும். அவன் அதைச் சொன்ன பிறகுதான் காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவளை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் கெதியாக முடியுங்கள். அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்களாம். அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக, என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?