நீலச் சட்டை என்றுதான் சொன்னோம்

ஓடுகிறேன். வாயெல்லாம் சுண்ணாம்புத் தூள். வலது கையில் துணிப் பொட்டலம் இருக்கிறது. இடது கையில் ஒன்றும் இல்லை.

இடது கையில் என் தங்கை இருக்க வேண்டும்.

பின்னால் மறுபடியும் அந்தச் சத்தம். முதலில் சேலை கிழிவது போல் நீளமாக. அப்புறம் தரை என்னைத் தூக்கிப் போடுகிறது. யாரோ கத்துகிறார்.

"படு! ஏ புள்ள, கீழ படு!"

படுக்கவில்லை. எழுந்து ஓடுகிறேன். செலின், செலின் என்று கத்துகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இடது காதுக்குள் ஒரே கூவல். அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

1941 டிசம்பர் 11. வியாழக்கிழமை. காலை பத்து மணி தாண்டியிருக்கும். பினாங்கு, ஜார்ஜ் டவுன். கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்து. எனக்கு ஒன்பது வயது. செலினுக்கு ஐந்து.

இப்போது எனக்குத் தொண்ணூற்று மூன்று. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இத்தனை வருடம் இதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். எங்கோ ஓர் ஊர். வானத்தில் நெருப்புக் கோடுகள். சனங்கள் மொட்டை மாடியில் நின்று படம் பிடிக்கிறார்கள். சிரிக்கிறார்கள்.

"பாருங்கம்மா, பட்டாசு மாதிரி லா" என்றாள்.

"உள்ள போகச் சொல்லு அவங்கள!" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துவிட்டாள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அன்றைக்கு நாங்களும் அப்படித்தான் நின்றோம். அதனால்தான் சொல்கிறேன்.

சண்டை வடக்கே மூன்று நாள் முன்பே தொடங்கிவிட்டது. பினாங்குக்கு ஒன்றும் ஆகாது என்றான் வெள்ளைக்காரன். நம்பினோம். அப்பா வெல்ட் கீ துறையில் மூட்டை தூக்குபவர். வேலைக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போனார். அம்மாவுக்கு ஒரே கவலை, கிறிஸ்துமஸ் சட்டை. தையல்கார பாய் இன்று தருகிறேன் என்றிருந்தார்.

"போய் வாங்கிட்டு வா. தங்கச்சி கைய விடாத."

அவ்வளவுதான் அம்மா சொன்னது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. திருநாள் துணியைத் திருநாளுக்கு முன் உடுத்தக் கூடாது. நடுராத்திரிப் பூசைக்குத்தான் பொட்டலம் பிரியும். அதுவரை மாதா படத்துக்குக் கீழே இருக்கும். தொட்டால் அடி. எங்கள் கோயிலைச் சேர்ந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

பாய் அளவு பார்க்க வேண்டும் என்றார். செலினுக்குப் போட்டுப் பார்த்தார். மஞ்சள் சட்டை. கழுத்தில் வெள்ளைப் பின்னல். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கழற்ற மாட்டேன் என்று அழுதாள். தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிடிவாதக்காரி, எதற்கும் மசிய மாட்டாள். சரி, வீட்டுப் படியில் கழற்றிவிடலாம், அம்மாவுக்குத் தெரியாது என்றேன் நான். பாய் சிரித்தார். செலினின் பழைய நீலச் சட்டையையும் என் புதுச் சட்டையையும் சேர்த்துப் பழுப்புத் தாளில் கட்டிக் கொடுத்தார்.

வெளியே வந்தோம். கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை முழுக்க ஆட்கள். எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். இரைச்சல் அப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஆயிரம் தேனீ இரைவது போல் சீராக வருகிறது. விமானத் தாக்குதல் ஒத்திகை நாட்களில் முதலில் அபாயச் சங்கு ஊதும். அன்று சங்கு கேட்ட நினைவு எனக்கு இல்லை. சங்கு ஊதவில்லை என்றால் நம்முடைய விமானங்கள் என்று பேசிக்கொண்டார்கள். எதிர்க்கடைச் சீனப் பெண்மணி கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டினாள். பாயும் வெளியே வந்தார். கழுத்தில் அளவு நாடா.

"நம்ம ஆளுங்கதான்! எண்ணிப் பாரு!"

யார் சொன்னது என்று தெரியாது. நான் எண்ணினேன். வெள்ளி மாதிரி மின்னின. மும்மூன்றாக. வெயிலில் கண் கூசியது. கண்ணுக்கு மேல் கை வைத்தால்தான் எண்ண முடியும். வலது கையில் பொட்டலம்.

இடது கையை எடுத்தேன்.

இருபத்தேழு. சரியாக எண்ணினேன். செலினும் எண்ணினாள். அவளுக்குப் பத்துக்கு மேல் தெரியாது. பத்து முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். நான் சிரித்தேன். அப்போது விழுந்தது.

முதல் குண்டு. இரண்டாவது. அப்புறம் எண்ணவில்லை. எதிர்க்கடைச் சுவர் தெருவில் கிடக்கிறது. விமானங்கள் தாழ்ந்து திரும்பி வருகின்றன. துப்பாக்கிச் சத்தம். தகரத்தில் கல் எறிவது போல் தட்-தட்-தட். ஓடினேன். எப்படி வீட்டுக்குப் போனேன் என்று தெரியவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

"தங்கச்சி எங்கடி?"

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அம்மா என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கினாள். பிரிக்கவில்லை. திருநாள் துணி அல்லவா? மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். அந்த நேரத்திலும் அவள் கை பழக்கத்தை விடவில்லை.

அப்பா துறையிலிருந்து வந்தார். சட்டையெல்லாம் கரி. தொங்காங் படகுகள் எரிகின்றன என்றார். அப்படியே திரும்பி ஓடினார். தெருத் தெருவாக. ஆஸ்பத்திரி வாசலுக்கு. பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார்: அஞ்சு வயசுப் புள்ள, நீலச் சட்டை.

சாயங்காலம் வந்தார். உட்கார்ந்தார். அம்மாவிடம் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குள்ள விடல. கேட்டுல ஒரு தம்பி நின்னுச்சு. நீலச் சட்டை யாரும் இல்லண்ணே, மஞ்சச் சட்டைப் புள்ள ஒண்ணுதான் தாழ்வாரத்துல மூச்சோட கெடக்குன்னுச்சு. எங்களுது நீலம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"யாரு பெத்த புள்ளயோ" என்றாள் அம்மா.

நான் கேட்டேன். வலது காது நன்றாகக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மஞ்சள். மூச்சோடு. சொல்ல வேண்டும். சொன்னால் புதுச் சட்டை போட்டது தெரியும். கையை விட்டது தெரியும். அடி விழும். அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை, குழந்தைதானே என்று பின்னால் பாதிரியார் ஆறுதல் சொன்னார். பாதி உண்மை. மறுபாதி பயம். நான் பயந்தேன். அதற்கு ஆறுதல் கிடையாது.

12ஆம் தேதி. காலையில் குண்டு போட்டவன் மீண்டும் வந்தான். சங்கு ஊதியதா, தெரியாது. யாரும் வெளியே நின்று பார்க்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் நாங்கள் மூவரும். தெருவில் ஒரே குரல். "வர்றான்! வர்றான்!" ஊர் எரிகிறது. அணைக்க ஆள் இல்லை. அந்த வாரமே வெள்ளைக்காரர்கள் தம் பெண்டு பிள்ளைகளைக் கப்பலேற்றிக்கொண்டு நழுவினார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. குண்டு போட்டவனை நான் மன்னிக்கவில்லை. சொல்லாமல் போனவனையும்தான்.

13ஆம் தேதி காலை. ஆயர் ஈத்தாம் மலைப் பக்கம் ஓடுவதென்று முடிவு. அம்மா துணி மூட்டை கட்டுகிறாள். பழுப்புத் தாள் பொட்டலத்தை எடுக்கிறாள். இடம் போதவில்லை. தாளைப் பிரிக்கிறாள். என் புதுச் சட்டை. அதற்கடியில் நீலச் சட்டை.

என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"மஞ்சள்" என்றேன்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அப்பா செருப்பில்லாமல் ஓடினார். அன்று கேட்டில் யாரும் நிற்கவில்லை. தாழ்வாரம் காலி. லாரி வந்து இறந்தவர்களை எடுத்துப் போனதாம். எந்த லாரி, எந்தக் குழி, எத்தனை மணி என்று சொல்ல ஆள் இல்லை. தரை ஈரமாக இருந்தது என்றார் அப்பா. அதற்கு மேல் சாகும்வரை அவர் இதைப் பேசவில்லை.

இறந்தவர்களின் கணக்குச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் சந்தில், என் கண் முன்னால் நின்றவர்களை மட்டும். தையல்கார பாய். எதிர்க்கடைச் சீனப் பெண்மணி. அவள் தோளில் இருந்த குழந்தை. என் தங்கை செலின். நான்கு பேர்.

மூன்று பேருக்கு நாள் தெரியும். செலினுக்குத் தெரியாது. பதினொன்றா, பன்னிரண்டா, பதின்மூன்று காலையா. அதனால் ஒவ்வொரு டிசம்பரும் அவளுக்கு மூன்று நாள் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். அன்று சாயங்காலம் நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நாள் போதும். ஒருவேளை, ஒரு நாளும் தேவைப்பட்டிருக்காது.