நான்காம் லேனில் வெடிக்காத தோட்டா

பேர்லேண்ட் துப்பாக்கி சுடுதளத்தின் பெருமைக்குரிய பெரியவரே! பத்தொன்பது ஆண்டுகள் பதறாமல் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்ட பண்பாளரே! எங்கள் அன்பு ஞானசீலன் அங்கிளே, வணக்கம்!

உங்கள் வழியனுப்பு விழாவில் வாசிக்க இம்மடலை எழுதும் பொறுப்பு, கவுன்டரில் உங்கள் பக்கத்தில் நிற்கும் ரெபெக்காவின் தலையில் விழுந்தது. தமிழில் தப்பில்லாமல் எழுதுவாள் என்று சொல்லி மற்றவர்கள் நழுவிக்கொண்டார்கள். மூன்று நாளாக எழுதி எழுதி அடித்தாள். "கவனத்தின் காவலரே" என்று தொடங்கினால் போன மாதத்துச் சனிக்கிழமை குறுக்கே வந்து நின்றது. அதை விட்டுவிட்டால் மடலே பொய்யாகப் பட்டது.

அன்று நடந்தது எல்லோருக்கும் தெரியும். டூ டுவென்ட்டி த்ரீ தோட்டாவுக்கான செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளோடு ஒருவர் சுட்டுப் பழக நான்காம் லேனுக்குப் போனார். நீங்கள் கொடுத்தனுப்பிய பெட்டியில் இருந்ததோ த்ரீ ஹண்ட்ரட் பிளாக்அவுட் என்ற வேறு வகைத் தோட்டா. இரண்டும் துப்பாக்கியில் செருகும் ஒரே மேகசினில் சமர்த்தாக உட்காரும். ஆனால் பிளாக்அவுட்டின் குண்டு பருமன். மாற்றிச் சுட்டால் துப்பாக்கியே வெடித்துக் கையோ கண்ணோ போய்விடும். அலமாரியில் அதே அடுக்கில் எஞ்சிய பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததைத் தற்செயலாகப் பார்த்த நீங்கள் முழங்கால் வலியையும் மறந்து ஓடினீர்கள். "சீஸ் ஃபயர்!" என்ற உங்கள் குரலில் தளமே உறைந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மாலையில், "என் கவனக்குறைவு" என்று அறிக்கை எழுதி, ஓய்வுக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தீர்கள்.

"ஒரு மிஸ்டேக்தானே அங்கிள், எதுக்கு ரிசைன் பண்றீங்க?" என்றான் நம்மோடு வேலை பார்க்கும் ஷைன்.

"படிச்சுப் பாக்காம குடுத்தது நான்தானேப்பா. போதும், ரெஸ்ட் எடுத்துக்கறேன்" என்றீர்கள்.

ரெபெக்கா வாய் திறக்கவில்லை. காலையில் பெட்டிகளை அடுக்கியவள் அவள். மகளின் டான்ஸ் கிளாஸிலிருந்து போன் வந்தது, பேசிக்கொண்டே அடுக்கினாள். எதை எங்கே வைத்தாள்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கேமராப் பதிவைப் பார்க்கப் பயந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன? நேற்று ஒருவழியாகத் திறந்து பார்த்தாள். மாற்றி வைத்தது அவள் கைதான்.

அங்கிள், நீங்கள் நூறாண்டு நோயின்றி வாழ வேண்டும். ஆனால் வழியனுப்புவதா, வாசலை மறித்துக்கொள்வதா என்று இந்த ரெபெக்காவுக்குப் புரியவில்லை. ஏனென்றால் அந்தப் பதிவை, அறிக்கை எழுதுவதற்கு முன்பே ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார். திறந்தவர் என்று கணினியில் பதிவாகியிருந்த பெயர், ஞானசீலன்.

இப்படிக்கு,
பெட்டியை மாற்றி வைத்த ரெபெக்காவும், இதை இப்போதுதான் கேட்கும் உங்கள் சகபணியாளர்களும்.