டிஷ்ஷில் ஒரு ஓட்டை

காவலூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு இன்ஜினியர் பெண்ணும் வெல்டரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“காத்து இப்டி அடிக்குதே, சாட்டிலைட் டிஷ்ஷ மல்லாக்கப் படுக்க வெச்சிட்டீங்களாண்ணே?”

“நீ சொன்ன மாரியே வானத்தப் பாக்க வெச்சிட்டுதாம்மா வந்தேன். இனிமே காத்து தள்ளாது.”

“மழ வந்தாலும் பயமில்ல. தண்ணி போக அடியில ஓட்ட வுட்டு டிசைன் பண்ணிருக்கேன்.”

“அந்த ஓட்டையா? தப்பா வுழுந்துதுன்னு நென்ச்சி அடைச்சிட்டேனே!”

“இன்னாண்ணே சொல்றீங்க? அவ்ளோ பெரிய டிஷ்ஷுல தண்ணி நின்னா வெயிட்டு தாங்காம ஒடிஞ்சிடும்ணே!”

“மழ வருது, ஷட்டர எறக்குங்க!” என்று கண்டக்டர் கத்தினார்.

அவள் எழுந்து, “வண்டிய நிறுத்துங்க!” என்றாள்.

வெல்டர் எழவில்லை. “போயி இன்னாம்மா பண்றது? ஓட்ட எங்க இருந்துதுன்னு எனக்கே தெரியாது. அவ்ளோ நீட்டா அடைச்சி, பெயிண்டும் அட்ச்சிட்டேன்.”