ஒன்பதாம் இணைப்பு காலி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றும் முதல் தாளில் தனியாக எழுதி வாங்கப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து மூன்று. தேர்வு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கணவர் வீட்டில் இருக்கிறார், அவருக்குக் கண் பார்வை சரியில்லை. இன்று என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே காலை பத்தேகால் மணிக்குக் காவல் நிலையத்துக்கு வந்தேன். பன்னிரண்டு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, உட்கார இடம் கிடைத்ததே போதும் என்றிருந்தது.

எங்கள் சர்வர் அறையில் பதினைந்து சர்வர்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித் திரையும் விசைப்பலகையும் வைக்க இடமில்லாததால் எல்லாவற்றையும் கன்சோல் சுவிட்ச் என்னும் ஒரே பெட்டியில் இணைத்திருக்கிறோம். அந்தப் பெட்டியின் பின்பக்கம் ஒன்று முதல் பதினாறு வரை எண் போட்ட இணைப்புகள் இருக்கும். அவரவர் இருக்கையிலிருந்தே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போகலாம். போனால் ஒரு பட்டியல் வரும். எண்ணைத் தொட்டால் அந்தச் சர்வரின் முன்னால் உட்கார்ந்த மாதிரி. எழுதிக்கொண்ட அதிகாரி இது புரியவில்லை என்று இரண்டு முறை நிறுத்தினார். எங்கள் டெக்னீஷியன் இதை "பதினஞ்சு மருமகளுக்கு ஒரே மாமியார்" என்று சொல்வார் என்றேன். அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை.

அந்தப் பெட்டியைப் பராமரிப்பது என் பொறுப்பு. யார் யார் எந்தச் சர்வரைத் தொடலாம் என்று அனுமதி கொடுப்பது, கடவுச்சொல் மாற்றுவது, பட்டியலில் பெயர் எழுதுவது எல்லாம் நான்தான். பெயர் விஷயத்தை இங்கே விளக்க வேண்டும். எந்த இணைப்பில் எந்தச் சர்வர் மாட்டியிருக்கிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. நாம் எழுதி வைத்த பெயரைத்தான் அது திருப்பிக் காட்டும். ஒன்பதாம் இணைப்பில் எதுவும் மாட்டாததால் அதற்கு நேராக ‘காலி’ என்று நான்தான் எழுதியிருந்தேன்.

மேற்படி டெக்னீஷியனுக்கு வயது முப்பத்து நான்கு. ஒப்பந்த ஊழியர். சுவரில் ஏறிக் கேபிள் இழுப்பதாலும், எதைப் பார்த்தாலும் உச்சுக் கொட்டுவதாலும் அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பல்லி என்றே கூப்பிடுவோம். அவரும் போனை எடுத்து "பல்லி பேசறேன்" என்றுதான் சொல்வார். நாலாம் இணைப்பில் மதிப்பெண் சர்வர் மாட்டியிருந்தது. அந்த இணைப்பு ஆடிப்போய்விட்டது என்று அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்றையும் நான் மேலாளருக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. இந்த மாதம் பத்தாம் தேதி நடந்த கூட்டத்தில் அவர் அதை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மேலாளர் அவருக்கு வாய் நீளம் என்று சொல்லி, மறுநாளோடு வர வேண்டாம் என்றார்.

பதினோராம் தேதி வியாழக்கிழமை பல்லிக்குக் கடைசி நாள். மாலை நாலே முக்காலுக்கு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சர்வர் அறை வாசலில் நின்று, "அக்கா, நாலு சுத்தமா போச்சு. மதிப்பெண் சர்வரை ஒன்பதுல மாத்திட்டேன். பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார். நான் சரி என்றேன். அவர் திரும்பவும், "மறந்துடாதீங்க அக்கா, அது இன்னும் காலின்னுதான் காட்டும்" என்றார். அதற்கும் சரி என்றேன். பெயரை மாற்றுவது ஒரு நிமிட வேலை. மறுநாள் கணவரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், பேருந்தைப் பிடிக்க வேண்டும், கால் வலி வேறு. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். இத்தனை நாள் வேலை செய்தவர் போகிறார், போய் வாருங்கள் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் தேதி விடுப்பில் இருந்தேன். அன்று மாலை மூன்று ஐம்பதுக்கு மருத்துவரின் அறைக்கு வெளியே வரிசையில் இருந்தபோது மேலாளர் போன் செய்தார். "ஏம்மா, அந்த ஒன்பது காலிதானே?" என்று கேட்டார். "காலிதான் சார்" என்றேன். "அப்ப முடிச்சிடவா?" என்றார். "முடிச்சிடுங்க சார்" என்றேன். புதிதாக வந்திருந்த ஒரு சர்வரை எங்கே மாட்டுவது என்று கேட்கிறார் என்றே நினைத்தேன். அவர் கேட்டது அது இல்லை. பழைய நூலக சர்வர் ஒன்றை மொத்தமாக அழித்து வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கான குறிப்பில், இணைப்பு எண் போடாமல், ‘காலி செய்க’ என்று மட்டும் நான் எழுதியிருந்தேன். நூலக சர்வர் இருப்பது பன்னிரண்டில், அதன் பெயரும் அங்கே சரியாகவே இருந்தது. ஆனால் அவர் பட்டியலைத் திறந்ததும் ‘காலி’ என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார், கையிலிருந்த குறிப்பையும் பார்த்திருக்கிறார். எனக்குக் காலி என்றால் எதுவும் இல்லாதது, அவருக்குக் காலி என்றால் இனிமேல் இல்லாமல் செய்ய வேண்டியது. பல்லி முந்தின நாள் வாசலில் சொன்னது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவேயில்லை.

அதன் பிறகு மேலாளர் தன் அறைக் கணினியிலிருந்து, என் பயனர் பெயரில் பெட்டிக்குள் போயிருக்கிறார். அவருடைய பெயருக்குப் பார்க்க மட்டுமே அனுமதி என்பதால் இரண்டு வருடம் முன்பே என் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். கொடுத்தது தப்பு. மதிப்பெண் சர்வரை யாரும் தொடாமல் இருந்தால் அதன் திரை கறுப்பாகிவிடும். அழிப்பு நிரலைப் பெட்டி வழியாகவே ஏற்றிச் சர்வரை மறுபடி தொடக்கினால் போதும், அதனால் உள்ளே போன பிறகும் அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. நாலு பன்னிரண்டுக்கு அழிப்பு தொடங்கியதாகப் பெட்டியின் பதிவில் இருக்கிறது. மறுமதிப்பீடு செய்த நாலாயிரத்து முன்னூறு மாணவர்களின் மதிப்பெண்கள் அதில் இருந்தன. கடைசியாகப் பிரதி எடுத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

நாலே காலுக்கு மேலாளர் மறுபடியும் போன் செய்தார். "மதிப்பெண் எதுவும் திறக்கலையாம், ஒன்பதுல என்ன இருந்துச்சு?" என்றார், குரலே சரியில்லை. பல்லி சொன்னது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. கணவரை வரிசையிலேயே உட்காரவைத்துவிட்டு ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு, என் இருக்கையில் உட்கார்ந்து, ஒன்பதாம் இணைப்பின் பெயரைக் ‘காலி’ என்பதிலிருந்து ‘மதிப்பெண்’ என்று மாற்றினேன். எதற்காக அப்போது மாற்றினீர்கள் என்று அதிகாரி கேட்டார். பயத்தில் மாற்றினேன். வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "பேரை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். "நல்லது. போனவன் போயிட்டான். உங்களுக்கும் எனக்கும் இன்னும் சர்வீஸ் இருக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொன்னால்தானா, சும்மா நின்றதும் ஒப்புக்கொண்டதுதான். மறுநாள் கொடுத்த புகாரில், வேலை போன ஆத்திரத்தில் பல்லி வேண்டுமென்றே இணைப்பை மாற்றி, என் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு, வெளியிலிருந்து நுழைந்து அழித்துவிட்டதாக மேலாளர் எழுதியிருக்கிறார். விசாரணைக்கு வந்தவர்கள் பட்டியலைப் பார்த்தபோது ஒன்பதுக்கு நேராக மதிப்பெண் என்றே இருந்தது. தெரிந்தேதான் அழித்திருக்கிறான் என்று அவர்கள் முடிவு செய்ததற்கு நான் மாற்றிய அந்தப் பெயர்தான் காரணம். பதினைந்தாம் தேதி அவரைப் பிடித்துப்போனார்கள்.

பதினாறாம் தேதி ஒரு காவலர் அலுவலகத்துக்கு வந்து, இணைப்பை மாற்றியதை உங்களிடம் சொன்னதாக அவர் சொல்கிறாரே, சொன்னாரா என்று கேட்டார். மேலாளர் பக்கத்தில் நின்றார். நான், "ஞாபகம் இல்லை" என்றேன். அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. என் கணவர் பார்வை மங்கினவர்தான், ஆனாலும், "உனக்கு என்னவோ ஆயிடுச்சு, சொல்லு" என்று தினமும் கேட்கிறார். அவரிடமும் சொல்லவில்லை.

நேற்று மதியம் பல்லியின் மனைவி அவருடைய கருவிப் பையை வாங்கிப்போக வந்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "அக்காகிட்ட சொன்னேன், சொன்னேன்னு அதையேதான் சொல்லிட்டிருக்கார். ஒருவேளை உங்க காதுல விழுகிற மாதிரி சொல்லலையோ என்னவோ. எப்பவும் முணுமுணுன்னுதான் பேசுவார்" என்றார். புருஷனைத்தான் குறை சொன்னார், என்னை இல்லை. அவர் போன பிறகு பெட்டியின் பதிவை அச்செடுத்தேன். மூன்று தாள்கள். நாலு பன்னிரண்டுக்கு அழிப்பு தொடங்கியதும், நாலு ஐம்பத்திரண்டுக்குப் பெயர் மாறியதும் அதில் உள்ளன. எந்தக் கணினியிலிருந்து என்பதற்கான எண்ணும் உள்ளது. முதல் எண் மேலாளருடைய கணினி, இரண்டாவது என்னுடையது. எந்த எண் யாருடையது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தத் தாள்களை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

விடைத்தாள்கள் கிடங்கில் இருப்பதால் மதிப்பெண்களை மறுபடியும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும். பல்லி இன்றோடு ஒன்பது நாள் உள்ளே இருக்கிறார்.

இதில் கையெழுத்துப் போட்டால் என்னையும் வழக்கில் எதிரியாகச் சேர்க்க நேரிடும் என்று அதிகாரி எச்சரித்தார். புரிகிறது என்றேன். பல்லி சொன்னபோது வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார். யாரும் இல்லை, கேட்ட ஒரே ஆள் நான்தான் என்றேன். பதினாறாம் தேதி சொன்னதும் இதுவும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே, எதை உண்மை என்று எடுத்துக்கொள்வது என்று கேட்டார். அதில் நான் தப்பித்தேன், இதில் மாட்டிக்கொள்கிறேன், அதை வைத்தே நீங்கள் முடிவு செய்யலாம் என்றேன்.

எழுதியதை முழுவதும் படித்துக் காட்டக் கேட்டேன். ஓரிடம் தவிர நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. இரண்டாம் தாளில், பெயரை மாற்றும்படி டெக்னீஷியன் என்னிடம் ‘சொன்னதாகத் தெரிகிறது’ என்று எழுதப்பட்டிருந்தது. அதை அடித்து, ‘சொன்னார்’ என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அவ்வாறே திருத்தப்பட்டது. திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பமும், கீழே முழுக் கையெழுத்தும் இட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)